அடக்கமும் மறைப்பும்

1953 ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு பக்கத்தைச் சிறிதே கடந்தது. பிறர் கூறிய அமைப்புகளை மறுத்தல், தம் இரட்டைச் சுருளை நிறுவுதல், சான்றின் எல்லை கூறல், நன்றி நவிலல் என்னும் அதன் வைப்புமுறை ஆய்வுரைக்கு ஓர் இலக்கணமாகும். மரபுப்பொருள் தன்னைப் படியெடுக்கும் வழி புலப்பட்ட பெருஞ்செய்தியையும் ஒரே தொடரில் அடக்கிச் சொல்கின்றனர். ஈண்டு அடக்கம் அழகு.

இறுதி நன்றியுரையோ வேறு. ரோசலிண்ட் பிராங்க்ளின் ஆய்வில் கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படத்தை, அவர் அறியாமலே வாட்சன் கண்டிருந்தார். கட்டுரையோ, வெளிவராத முடிவுகளின் பொதுத்தன்மையை அறிந்து ஊக்கம் பெற்றதாக மட்டுமே கூறுகிறது. அடங்கிய நடையே கடனை மறைக்கும் திரையாயிற்று. அறிவியல் தமிழ் எழுதப் புகுவோர் அக்கட்டுரையின் சுருக்கத்தைக் கற்க, மறைப்பை விலக்குக.