பாராட்டுக்குள் காணாமல் போன ஆட்டம்

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் பேட்மிண்டனில் பதக்கம் வாங்கினார்கள். துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி. மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவருக்கும் வெண்கலம். நம் பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒரே பிரதியாக வைத்துப் படிக்கலாம். கதை மாறுவதே இல்லை: உடற்குறை, ஏழ்மை, அப்பாவின் தியாகம், கடைசியில் கொடி. ஆட்டத்தைத்தான் காணோம்.

செப்டம்பர் 1 அன்று நடந்த அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். எஸ்யு5 பிரிவில் துளசிமதியும் மனிஷாவும் எதிரெதிரே நின்றார்கள். மனிஷா 2022இல் டோக்கியோவில் உலகச் சாம்பியன் ஆனவர். துளசிமதி 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம் வென்றவர். 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்தார். இவ்வளவு நெருக்கமான சண்டை, நான் பார்த்த தாள்களில், 'இந்தியாவுக்குப் பதக்கம் உறுதி' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிப்போனது. மறுநாள் இறுதியில் சீனாவின் யாங் சியூஷியாவிடம் துளசிமதி தோற்றார். ஹாங்சோவில் அவர் ஜெயித்ததும் இதே யாங்கைத்தான். ஒரு வருஷத்துக்குள் யாங் எதை மாற்றிக்கொண்டார்? இப்படி ஒரு கேள்வி வந்தால் அது விமர்சனம். நமக்கோ கண்ணீர் போதுமாயிருக்கிறது.

எஸ்யு5 என்பது கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. களம் முழு அளவு, வலையும் அதே வலை. பேட்மிண்டனை ஒரு கை ஆட்டம் என்று நினைக்கிறோம். சர்வீஸ் போட ஒரு கை காக்கை விட வேண்டும், மறு கை அடிக்க வேண்டும். தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும்போது மட்டையில்லாத கைதான் உடம்பை நிலைநிறுத்துகிறது. அந்த வேலையை இவர்கள் தோளிலும் இடுப்பிலும் எங்கே பகிர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பது எழுதப்பட வேண்டிய அறிவு.

பிரிவு என்பது எண்ணும்கூட. கலப்பு இரட்டையரில் துளசிமதி (5) எஸ்எல்3 வீரர் நிதேஷ் குமாரோடு (3) சேர்ந்தால் 8, அதுவே உச்சவரம்பு. துளசிமதியும் மனிஷாவும் கூட்டினால் 10. அதனால் எஸ்எல்3-எஸ்யு5 இரட்டையரில் அவர்கள் ஒரே பக்கம் நிற்க முடியாது. சமவாய்ப்புக்கான கணக்கு இது, மறுக்கவில்லை. ஆனால் உடலை அளந்து சான்று தரும் அதிகாரம் எப்போதும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. 2006 தோஹாவில் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் 800 மீட்டர் வெள்ளியைப் பறித்ததும் ஒரு பரிசோதனை அறிக்கைதான்.

நான் குடியிருக்கிற மேடவாக்கத்தில் தகரக்கூரை போட்ட உள்ளரங்குகள் வந்துவிட்டன, மணிக்கணக்கில் வாடகை. கம்பெனி ஆட்கள் விடிகாலையிலேயே ஆட வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் பெரும்பாக்கம், நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் அடுக்குமாடிகள். அங்கிருந்து ஒரு பெண் மட்டையோடு இந்த ஷெட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒருத்தர் சொன்னார்: "கை அப்படி இருந்தும் ஜெயிச்சிருக்கு சார் அந்தப் பொண்ணு, நமக்கென்ன கேடு?" அவருக்குத் துளசிமதி ஒரு டானிக். 'தன்னம்பிக்கை' எழுத்து தயாரிக்கும் வாசகர் இவர்தான்.

பாராட்டு வாயையும் அடைக்கும். தங்கம் வாங்கிய கையோடு அதை மறுத்தவர் தென்கொரியாவின் அன் சே யங். 2024 ஆகஸ்ட் 5 அன்று ஒற்றையர் தங்கம் வென்றார். 1996இல் பாங் சூ-ஹியனுக்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒற்றையர் தங்கம். அன்றைக்கே தன் முழங்கால் காயத்தைத் தேசிய அணி அலட்சியமாகக் கையாண்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு விசாரித்தது. தேசிய அணிக்கு வெளியே சர்வதேசப் போட்டி ஆட, பெண்ணுக்கு 27 வயதாகியிருக்க வேண்டும், அணியில் ஐந்து வருஷம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. நன்றிகெட்டவள் என்று அங்கேயும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் பேசியது மகளாக அல்ல, உழைப்பவராக.

தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மற்ற இருவருக்கும் தலா 1 கோடியும் கொடுத்தது. நல்ல தொகை, கொடுக்க வேண்டியதுதான். பதக்கத்துக்கு முன்பே உதவும் திட்டங்களும் இங்கே உண்டு. ஆனால் பரிசு வாங்கியவர் நாளைக்கு, "என் தோள்பட்டை வலியை யாரும் கேட்கலை" என்று சொன்னால், அந்த வரியைப் போட நம் பத்திரிகைகளில் எந்தப் பக்கம் இருக்கிறது? தன்னம்பிக்கைப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.