கரைக்கு வந்தோரும் கரையில் வாழ்வோரும்: வன்னிக் கரையோர எழுத்துகள் பற்றிய ஒரு நோக்கு

கடற்கரைப் பட்டினங்களையும் தீவுகளையும் சென்று கண்டு எழுதுவோரின் எழுத்து, காணப்பட்ட இடத்தைப் பற்றி எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவிற்குக் காண்பவர் எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்பதனையும் கூறிவிடுகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் கரையோரம் பற்றி எழுந்துள்ள எழுத்துகளை இந்த அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும். கிழக்கே கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு, நந்திக்கடல், சாலை, சுண்டிக்குளம் எனவும், மேற்கே பூநகரி, கௌதாரிமுனை, நாச்சிக்குடா, இரணைதீவு எனவும் விரிந்து கிடக்கும் நீண்ட கரை இது. ஆயினும் வன்னி என்றதும் எமது வாசகர் மனத்தில் எழுவன காடும் குளமும் வயலுமேயன்றிக் கடலன்று. முல்லை என்னும் திணைப் பெயரை முன்னாகவும் தீவு என்பதைப் பின்னாகவும் கொண்ட முல்லைத்தீவு, முல்லையுமன்று, தீவுமன்று. அது நெய்தல் நிலத்துப் பட்டினம். பெயரிலேயே கடல் மறைந்துகிடக்கும் இவ்வூர் எமது ஆய்வுக்குப் பொருத்தமான தொடக்கம் எனலாம்.

பயணியை இடத்தோடு தொடர்புபடுத்தும் எழுத்து தமிழுக்குப் புதியதன்று. ஆற்றுப்படை நூல்கள் வழி கூறும் நூல்களே. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும்போது எயிற்பட்டினக் கரை வழியாகவே அவனை அழைத்துச் செல்கின்றது. அங்கே பாணன் காணப்போவது அலையையும் தாழையையும் மாத்திரமன்று. நுளைமகள் வடித்த தேறலைப் பரதவர் கொடுப்பர், சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகின்றது. அதாவது கரை என்பது காட்சியாக அன்றி, உழைத்து உண்போரின் இல்லமாக, விருந்தினனுக்குச் சோறிடும் இடமாக அறிமுகமாகின்றது. இந்நூல்கள் புரவலரைப் புகழும் தேவையிலிருந்து பிறந்தவை என்பதையும், அவற்றின் வளச்சித்திரிப்பில் மிகை உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் வருகின்றவன் வறியவன், இருப்பவன் கொடுப்பவன் என்னும் அந்த உறவுநிலை கவனத்திற்குரியது. பின்வந்த பயண எழுத்தில் இவ்வுறவு தலைகீழாயிற்று.

குடியேற்றவாதக் காலத்து நூல்கள் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவன. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிளக்க அகராதி, ஊர்களை அகரவரிசையில் நிறுத்திற்று. எமர்சன் ரெனென்ற் 1859இல் வெளியிட்ட இரு பாகங்கள் கொண்ட நூல் பதவியாக் குளம் போன்ற பாழ்பட்ட நீர்த்தேக்கங்களின் முன் வியந்து நிற்கின்றது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் இன்றளவும் தவிர்க்கவியலாத ஆதாரம். வவுனியாவையும் முல்லைத்தீவையும் ஒருங்கே எடுத்துக்கொண்ட அந்நூலின் உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் நிருவாகியின் கண்ணுக்குக் குளம் திருத்தப்படவேண்டியது, வயல் வரி தருவது, காடு அளக்கப்படவேண்டியது. கரையோ இறங்குதுறை, அல்லது கோட்டை. மக்கள் அதில் எண்ணிக்கையாகவே பெரிதும் வருகின்றனர்.

கோட்டை என்னும் பார்வைக்கு ஓர் எடுத்துக்காட்டு 1803ஆம் ஆண்டு நிகழ்வு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் தோற்கடிக்கப்பட்டான். ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் நட்ட கல் தமது வெற்றியை மாத்திரம் கூறிற்று. கரையிலே தாம் கோட்டையிழந்த கதைக்கு அவர் கல் நடவில்லை. இதற்கு எதிர்வினையாக எழுந்த எமது நாடகங்களும் வரலாற்றுக் கதைகளும் பண்டாரவன்னியனை வீரனாக மீட்டெடுத்தன. அவை செய்த பணி பெரிது. ஆயினும் அவற்றிலும் கரை போர்க்களமாகவே எஞ்சிற்று. அந்தப் படகு யாருடையது, அக்காலத்தில் அக்கரையில் வலை வீசியோர் யார் என்னும் வினாக்கள் இரு தரப்பு எழுத்திலும் எழவில்லை.

மேற்குக் கரையிலும் நிலைமை இதனையொத்ததே. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரித்த பூநகரிக் கோட்டை வழிகாட்டி நூல்களில் ஓரிரு வரியில் இடம்பெறுவது வழக்கம். ஆனால் பூநகரிப் பகுதியில் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்ட தொல்லியல் மேலாய்வு, பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டச் சில்லுகளை வெளிக்கொணர்ந்து, ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கு எழுத்தறிவும் குடியிருப்பும் இருந்தமையை நிறுவிற்று. மண்ணித்தலையில் மணலிடையே நிற்கும் பழைய சிவன் கோயிலும் இத்தொடர்ச்சிக்குச் சான்று. கோட்டையில் தொடங்கும் வரலாறு, வந்தவர்களின் வரலாறேயாகும்.

இனி எமது சொந்த இலக்கியத்தை நோக்குவோம். குறை அந்நியரிடம் மாத்திரம் இருப்பதாகக் கருதிக்கொள்வது சுலபம். வன்னி நாவல் என்றதும் எடுத்துக்காட்டப்படுவது அ. பாலமனோகரனின் நிலக்கிளி (1973). தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிய காட்டுக் கிராமமும், அங்கு வெளியிலிருந்து வந்து சேரும் ஆசிரியரும் அதன் களத்தை அமைக்கின்றனர். மண்ணின் மணம், பேச்சு வழக்கு, காட்டு வாழ்வின் நுணுக்கம் ஆகியவற்றில் அது ஈழத்து நாவல் வரலாற்றில் தனியிடம் பெற்றது, நியாயமாகவே. செங்கை ஆழியானின் காட்டாறும் வன்னிக் கமக்காரரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. வாய்மொழி இலக்கியத்திலும் குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி என முன்னிற்பன வயலும் காடும் சார்ந்தனவே. தண்ணிமுறிப்பிலிருந்து நாயாற்றுக் கரை வெகுதூரமன்று என்பதை இவ்விடத்து நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இதற்கான காரணம் எழுத்தாளரின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பன்று; சமூக அடித்தளத்திலேயே அது தேடப்படல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின்னர் வன்னி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்றோருக்கும் நடுத்தர வகுப்பாருக்கும் நிலமாகத் தோன்றிற்று. குளத்தின் கீழ்க் குடியேற்றம், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் இளைஞர் திட்டங்கள், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த விலை ஆகிய யாவும் வன்னியை உழுநிலமாக்கின. எழுதியவரும் வாசித்தவரும் பெரும்பான்மை இந்நில வேட்கையோடு பிணைந்த வகுப்பினர். கடலோ அவர்தம் சாதிப் படிநிலையில் வேறு சமூகத்தாரின் தொழிலிடம். குளத்தைப் பற்றி எழுதியவர் தமது எதிர்காலத்தை எழுதினார். கடலைப் பற்றி எழுதுவதாயின் பிறருடைய நிகழ்காலத்தை எழுதவேண்டியிருந்தது. அது நிகழவில்லை.

செங்கை ஆழியானின் வாடைக்காற்று ஒரு விலக்கு. நெடுந்தீவில் பருவத்துக்கு வாடியமைக்க வரும் மீனவரை அது எழுதிற்று. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. வாடி என்பது வெறும் கொட்டிலன்று. சம்மாட்டி, கூலி, கடன், பங்கு என்னும் உற்பத்தி உறவுகளின் முழு ஏற்பாடு அது. வன்னியின் கிழக்குக் கரையிலும் வாடிகள் இருந்தன. கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர் பருவந்தோறும் வந்தனர். 1984 டிசம்பர் முதலாம் நாள் அவ்விரு இடங்களிலும் அம்மீனவக் குடும்பங்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டமையும், அதே மாதத்திற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய தமிழ்க் கிராமங்கள் படையினரால் வெறுமையாக்கப்பட்டமையும் பலரறிந்த செய்திகள். இரு மொழித் தொழிலாளர் ஒரே கடலில், ஒரே சந்தையின் கீழ், ஒருவரையொருவர் போட்டியாளராக எதிர்கொண்ட அந்த முந்திய பத்தாண்டுகளை எழுதிய பெரும் புனைகதை ஒன்றேனும் இருந்திருப்பின், 1984 எமக்கு இத்துணை விளங்காப் புதிராக நின்றிராது.

கரையும் உள்நிலமும் ஒன்றாக வருமிடம் எழுத்திலன்றிச் சடங்கில் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர், சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் அள்ளப்பட்டு, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றது. அக்கடல்நீரைக் கொண்டே விளக்கெரிகின்றது என்பது நம்பிக்கை. மதுரையை எரித்துக் கடல் கடந்து வந்தவள் தங்கிய பத்தாவது பளையே இது என ஊர்ப் பெயருக்குக் காரணமும் கூறுவர். இவற்றின் உண்மை பொய்மை எமது ஆய்வுப் பொருளன்று. கமக்காரர் தம் பொங்கலுக்குக் கடற்கரை சென்று நீர் பெறவேண்டியிருப்பது, இரு தொழிற் சமூகங்களும் ஒன்றையொன்று சார்ந்திருந்த பழைய ஒழுங்கின் தடயம் என்பதே எமது கருத்து. நாவலாசிரியர் காணாததைப் பூசாரியார் பேணி வைத்திருக்கின்றார்!

2009 மே மாதத்தில் யுத்தம் முடிவடைந்த பின்னர் இக்கரைக்குப் புதியவகைப் பயணிகள் வந்தனர். தென்பகுதியிலிருந்து வந்தோருக்கு வெற்றிச் சின்னங்களும் கைப்பற்றப்பட்ட கலங்களும் காட்சிப்பொருளாயின. 2006இல் அரிசி ஏற்றி வந்து முல்லைத்தீவுக் கரையில் தட்டிய ஜோர்தான் கப்பல் பறா 3, துருப்பிடித்த நிலையிலே புகைப்படத்துக்குப் பின்னணியாயிற்று. நந்திக்கடலோரத்தில் இராணுவம் விடுதியும் நடத்திற்று. சில மாதங்களுக்கு முன் மனிதர் ஓடி ஒளியவும் இடமின்றி மடிந்த கரை, 2004 ஆழிப்பேரலையில் ஏற்கெனவே உறவிழந்த கரை, அழகிய நீர்ப்பரப்பு என எழுதப்பட்டது. இவ்வெழுத்தை வன்மையாகக் கண்டிப்பதில் எமக்குத் தயக்கமில்லை.

ஆயின் புலம்பெயர் நாடுகளிலிருந்து வந்து சென்ற எம்மவரின் பயணக் குறிப்புகள் பலவும் வேறோர் ஒருமுகப் பார்வைக்கு ஆளாயின. அழிவைக் காண வந்தவர் அழிவை மாத்திரம் கண்டார். வலை பொத்திக்கொண்டிருந்தவர் அவர் கண்ணில் துயரத்தின் உருவமாகவே பட்டார். அவரது வலையின் விலை, மண்ணெண்ணெயின் விலை, எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளால் அறுபட்ட வலைக்கு யார் பொறுப்பு என்பன கேட்கப்படவில்லை. இரக்கமும் ஒருவகையில் தூரத்தைப் பேணும் உணர்ச்சியே.

வெறுமையான கரை என்னும் இக்கற்பிதம் நூலோடு நின்றுவிடுவதில்லை. இரணைதீவு இதற்குச் சான்று. பெயரே கூறுவதுபோல் இரட்டைத் தீவான அது கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் கத்தோலிக்க மீனவ மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பகுதியில், இரணைமாதா நகரில் வாழ்ந்தனர். யுத்தம் முடிந்தும் கடற்படை அங்கிருந்தது, மக்கள் செல்லமுடியவில்லை. 2017 மே முதலாந் திகதி தொடங்கிய அவர்களது போராட்டம் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. 2018 ஏப்ரல் 23இல் அவர்கள் அனுமதிக்குக் காத்திராது தமது படகுகளிலேயே அணியாகச் சென்று தீவில் இறங்கினர், கோயிலிற் கூடினர், திரும்பிவர மறுத்தனர். அந்தப் படகுப் பயணம் ஈழத்துப் பயண இலக்கியத்தில் இடம்பெறத்தக்கது. அதில் பயணியும் ஊரவரும் ஒருவரே. அவர்கள் காணச் சென்றது தமது கிணறுகளை, தென்னைகளை, இடிந்த வீட்டுச் சுவர்களை.

அதன் பின்னருங்கூட, 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், கொரோனாத் தொற்றால் இறந்தோரைப் புதைக்க அரசு தெரிவுசெய்து அறிவித்த இடம் இரணைதீவே. கட்டாயத் தகனத்தால் மனம் நொந்திருந்த முஸ்லிம் மக்களுக்கும், அப்பொழுதுதான் மீண்டிருந்த தீவு மக்களுக்கும் ஒருங்கே இழைக்கப்பட்ட அவமதிப்பு அது. தீவு மக்கள் எதிர்த்தனர். முஸ்லிம் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுள் அடக்கம் ஓட்டமாவடியில் தொடங்கிற்று. கொழும்பிலிருந்து தேசப்படத்தை நோக்கியவருக்கு அத்தீவு ஆளற்ற புள்ளியாகத் தோன்றியது எவ்வாறு என்பதற்கு, 1834 முதலான இடவிளக்க மரபை மாத்திரமன்றி எமது நாவல்களின் மௌனத்தையும் நாம் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அதே ஆண்டில் கௌதாரிமுனையில் சீனக் கூட்டு நிறுவனமொன்றின் கடலட்டைப் பண்ணை பற்றிய சர்ச்சை எழுந்தபோதும், அக்கடலில் யார், எப்பருவத்தில், எவ்வகை வலையோடு தொழில் செய்தனர் என்பதற்கு ஊரவர் வாய்மொழியே முதற் சான்றாகக் காட்டவேண்டியிருந்தது.