நிலையான கோபுரம் இல்லாத வலையமைப்பில் வழி தேடும் முறைகள்

கோபுரமோ மைய நிலையமோ இல்லாத நகரும் கம்பியில்லா வலையமைப்பில், ஒவ்வொரு கருவியும் பிறருடைய தரவுப் பாக்கெட்டுகளையும் வாங்கிக் கடத்துகிறது. கருவிகள் இடம்பெயர்ந்தபடியே இருப்பதால் சற்றுமுன் இருந்த வழி இப்போது அறுந்திருக்கலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா 1970-களிலேயே பாக்கெட் ரேடியோ சோதனைகளில் சந்தித்த சிக்கல் இது. 1990-களில் மடிக்கணினிகள் பரவியதும் தீர்வுகள் குவியத் தொடங்கின.

வழிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது ஒரு போக்கு. பெர்க்கின்ஸ், பக்வத் இருவரும் 1994-இல் வெளியிட்ட டிஎஸ்டிவி முறையில், ஒவ்வொரு கருவியும் தன் வழி அட்டவணையை அண்டைக் கருவிகளுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். சேருமிடம் தரும் வரிசை எண்ணை வைத்துப் பழைய தகவல் கழிக்கப்படுவதால், பாக்கெட் சுற்றிச் சுற்றி வராது. ஓஎல்எஸ்ஆர் இன்னும் சிக்கனமானது: தேர்ந்தெடுத்த சில அண்டைக் கருவிகள் மட்டுமே அறிவிப்பை மறுபரப்பும்.

தேவை வந்தபின் தேடுவது மற்றொரு போக்கு. ஏஓடிவியில் தேடல் கோரிக்கை வலை முழுவதும் பரவும்; அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை இடைக்கருவிகள் குறித்துக்கொள்ள, பதில் அதே தடத்தில் திரும்பும். டிஎஸ்ஆரில் முழு வழியும் பாக்கெட்டின் தலைப்பிலேயே எழுதப்படும். இரண்டு போக்குகளையும் கலக்கும் இசட்ஆர்பி போன்றவையும் உண்டு.

எது மேல் என்ற கேள்விக்கு 1998-இல் கார்னகி மெலன் குழு உருவகச் சோதனையில் விடை தேடியது: 1500 மீட்டருக்கு 300 மீட்டர் களம், 50 கருவிகள், 900 விநாடிகள். கருவிகள் அதிகம் நகர்ந்தபோது டிஎஸ்டிவி தடுமாறியது. டிஎஸ்ஆர் நன்றாகத் தாக்குப்பிடித்தது. டிஎஸ்ஆரை வடிவமைத்தவர்களும் அந்தக் குழுவிலேயே இருந்தனர். ஏஓடிவியை உருவாக்கிய பெர்க்கின்ஸ், ராயர் இருவரும் தாஸுடன் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சுமையும் நகர்வும் கூடியபோது ஏஓடிவி முந்தியது. டிஎஸ்ஆர் சேமித்து வைத்திருந்த வழிகள் காலாவதியாகிப்போனது அதற்கு ஒரு காரணம். இரண்டு முடிவுகளும் பொய்யல்ல, சோதித்த சூழல்தான் வேறு. இணையப் பொறியியல் பணிக்குழுவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், 2003-இல் ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் இரண்டையும் சோதனை நிலை ஆவணங்களாகவே வெளியிட்டது.

அதே ஆண்டில் ஒப்பீடுகளின் அடித்தளமும் ஆட்டம் கண்டது. கருவிகள் நகர்வதைக் காட்டப் பலரும் பயன்படுத்திய மாதிரியில், வேகம் சுழியம் முதல் உச்சவரம்பு வரை எதுவாகவும் அமையலாம். ஆமை வேகம் வாய்த்த கருவி தன் இலக்கை அடைய வெகுநேரம் எடுக்கும். அதனால் நேரம் செல்லச்செல்லச் சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும் என்று யூன், லியூ, நோபிள் மூவரும் காட்டினர்.

வழிகளை ஒப்பிட, பாக்கெட் ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குப் போகும் தாவல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் கேள்விக்குள்ளானது. குறைந்த தாவல் என்றால் பெரும்பாலும் நீண்ட, பலவீனமான இணைப்பு. எம்ஐடி ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த ஈடிஎக்ஸ் அளவை, பாக்கெட் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப நேரும் என்று கணக்கிடுகிறது. இரு திசையிலும் பாதி பாக்கெட்டுகளைத் தொலைக்கும் ஒற்றைத் தாவலின் மதிப்பு 4. பழுதற்ற இரண்டு தாவல்களின் மதிப்பு 2. ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வலையமைப்பின் தன்னார்வலர்கள் ஓஎல்எஸ்ஆரை இந்த அளவையோடு இயக்கினர். அவர்களுடைய வலை பெருத்ததும், முழு வரைபடத்தையும் கணக்கிடுவது மலிவான ரவுட்டர்களுக்குச் சுமையானது. எனவே அடுத்த தாவலை மட்டும் நினைவில் வைக்கும் பேட்மேன் முறையை உருவாக்கினர்.