சால் லைட்டரின் கருப்பு

சால் லைட்டரின் நியூயார்க் படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே மூணு விஷயம் வந்து விழும்: 150 மி.மீ. லென்ஸ், காலாவதியான ஃபிலிம், பனி. இந்த மூணும் கைக்கு வந்தால் நாமும் லைட்டர் ஆகிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. இன்னொரு பக்கம், "கேமராவில் என்ன இருக்கு, கண்ணுதான் எல்லாம்" என்று சாமியார் மாதிரி பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு ரெண்டுமே சரியாகப் படவில்லை.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1950களின் கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமின் வேகம் வெறும் 10 ஏ.எஸ்.ஏ. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/10 விநாடி. ஆனால் 150 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்க 1/150 வாக்கில் வேணும். அதற்கு எஃப் 4 வரை திறந்தாகணும். இது சுள்ளென்று அடிக்கிற வெயிலுக்கு! மேகம் கனத்த நாளில் அதே எஃப் 4-ல் 1/20தான் கிடைக்கும். அவரிடம் இதைவிட வேகமான ஃபிலிம் இருந்திருந்தாலும் சில ஸ்டாப் லாபம், அவ்ளோதான். ஆக, அந்தக் கலங்கலை ஸ்டைல் என்று சொல்வதற்கு முன்னால், அது இந்தக் கணக்கின் விடை.

அடுத்தது ஸ்லைடின் குணம். வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் நிழல் அப்படியே கருப்பாகிவிடும். பிறகு தூக்கி நிறுத்த வழி கிடையாது. லைட்டர் இதோடு சண்டை போடவில்லை. 1957-ல் எடுத்த 'த்ரூ போர்ட்ஸ்' படத்தில் பெரும்பகுதி பலகையின் இருட்டுதான். ஒரு குறுகிய இடுக்கில் மட்டும் தெரு தெரிகிறது. 1958-ன் 'கேனபி'யில் மேலே இருக்கும் துணிப்பந்தல் படத்தில் பெரும் இடத்தைக் கருப்பாக அடைத்துக்கொள்கிறது. கீழே கொஞ்சூண்டு பனி, நடந்து போகிற ஆட்கள். ஓவியராகணும் என்று 1946-ல் நியூயார்க் வந்த மனுஷர். நமக்கு 'தகவல் போய்விட்ட' இடம், அவருக்குப் பெயின்ட் பூசிய பரப்பு. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நான் பெரிய ஆள் என்பேன்.

எல்லாப் படமும் ஒரே தரமில்லை. குடைப் படங்கள் சில எனக்கு அலுப்பு. வெள்ளைப் பனியில் சிவப்புக் குடை யார் எடுத்தாலும் அழகாத்தான் இருக்கும். தொப்பி வைத்த ஆண்கள், அந்தக் காலத்துக் கார்கள் இருக்கிற படங்களில் பாதி மார்க்கை 1950களுக்கே கொடுத்துவிடணும். 'எர்லி கலர்' புத்தகம் வந்தது 2006-ல். அப்போது அவருக்கு 82 வயது. அரை நூற்றாண்டு தள்ளிப் பார்ப்பதால் வருகிற மயக்கத்தையும் கழித்துவிட்டுத்தான் எடை போடணும். கழித்த பிறகும் 'த்ரூ போர்ட்ஸ்' நிற்கிறது.

இதைச் செய்து பார்க்க 150 மி.மீ. லென்ஸ் தேடி அலைய வேண்டாம். நம்ம ஊர் டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்று போனில் எடுத்தேன். போன் நாலைந்து ஃப்ரேமைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, தார்ப்பாயின் தையல் வரைக்கும் காட்டியது. யார் கேட்டது! பிறகு மேனுவலுக்குப் போய், வெயிலில் கிடந்த ரோட்டுக்கு மட்டும் அளவு வைத்து ரா ஃபைலாக எடுத்தேன். தையல் காணாமல் போனது. கருப்புக்குக் கீழே ஒரு சைக்கிள் சக்கரமும் லுங்கி கட்டிய ரெண்டு காலும் மிச்சம். படம் சுமார்தான். ஆனால் காலை எட்டரை மணி வெயில் அந்த இடத்தில் நல்ல சாய்வாக விழுகிறது, அடுத்த வாரமும் போகணும்.