சொல்லாமல் போகும் கரண்ட்

இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் கல்லடியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் உரிமையாளர் மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினார். கணினி விழிக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கியது. பாதி முடித்து, சேமிக்காமல் விட்டிருந்த கல்யாண ஆல்பம் இல்லை. "ஸ்லீப்ல போட்டுட்டுத்தானே தம்பி போனேன்" என்றார். யூ.பி.எஸ். பெட்டியின் பற்றரி எப்போதோ செத்திருந்தது.

அவர் நம்பியதில் பிழையில்லை. ஸ்லீப் என்பது அழகாகக் கட்டப்பட்ட ஏற்பாடு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர், அதாவது அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருள், உண்டு. உறங்கப்போகும்போது இயங்குதளம் அவற்றை ஒழுங்காகக் கூப்பிடுகிறது. கிளை முதலில், அடிமரம் பிறகு: பென்ட்ரைவ் அடங்கிய பின்தான் அதைத் தாங்கும் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி அடங்கும். விழிக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும். வட்டின் டிரைவர், இடைநினைவில் தேங்கியதை எழுதி முடி என்று வட்டுக்குக் கட்டளையிட்ட பிறகே அதை நிறுத்துகிறது. இந்த ஒழுங்கை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால், கரண்ட் போகுமுன் யாரோ சொல்லிவிடுவார்கள் என்பதே இதன் அடிப்படை. அத்தோடு, உறங்கும் நேரம் முழுக்க நினைவகத்துக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2022இல் நேர அட்டவணையாவது இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டு நாடு முழுவதும் இருண்டபோது எந்த டிரைவருக்கும் யாரும் சொல்லவில்லை. எழுதி முடித்தாயா என்று டிரைவர் கேட்டாலும் வட்டு உண்மை பேசும் என்பதற்கு உறுதியில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 15 எஸ்.எஸ்.டி. வட்டுகளின் மின்சாரத்தைத் திடீரெனத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 வட்டுகள் ஏதோ ஒரு வகையில் தவறின. மின்தேக்கி வைத்துக் கடைசி எழுத்தைக் காப்பாற்றும் வட்டுகள் சேர்வர்களுக்கென்றே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. சிறு கடைக்காரர் வாங்கும் விலையில் அவை இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் யூ.எஸ்.பி. ஏற்பாடு எனக்கு இன்னும் கவலை தருவது. உறக்கத்தில் யூ.எஸ்.பி. மின்சாரம் அறுந்தால், பென்ட்ரைவைக் கழற்றிவிட்டதாகவே முன்பு கொள்ளப்பட்டது. திறந்திருந்த கோப்புகள் அந்தரத்தில் நின்றன. இதற்கு மருந்தாக, விழித்ததும் கருவியின் அடையாள விபரங்களை ஒப்பிட்டு, பழையதே என்றால் தொடர்ந்து பயன்படுத்தும் வழி வந்தது. நல்ல மருந்துதான். ஆனால் கமராவின் மெமரி கார்டைப் படிக்கும் கார்ட் ரீடரில் அது ரீடரைத்தான் அடையாளம் காண்கிறது, உள்ளே இருக்கும் கார்டை அல்ல. ஸ்டூடியோவில் ஒரு வீட்டுக் கார்டை எடுத்து இன்னொரு வீட்டுக் கார்டைப் போடுவது சாதாரணம். கணினி உறங்கும்போது அப்படி மாற்றினால், பழைய கார்டின் கணக்கை வைத்துக்கொண்டு புதிய கார்டில் எழுதிவிடக்கூடும். இந்த ஆபத்தை லினக்ஸின் ஆவணமே எச்சரிக்கிறது. அதை எந்தக் கடைக்காரர் படிப்பார்?

உறக்கத்தைச் சோதிக்கும் முறையிலும், மின்சாரம் அறுவதைக் கணக்கில் எடுக்காத குறை உண்டு. லினக்ஸில் உறக்கத்தைப் படிப்படியாகச் சோதிக்க வசதி உண்டு. கருவிகள் என்ற படியில் டிரைவர்களை அடக்கி, சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் எழுப்புவார்கள். அங்கே மின்சாரம் உண்மையில் போவதேயில்லை. கருவியின் உள்நிலை அப்படியே இருப்பதால், அது அழிந்தபின் டிரைவர் என்ன செய்யும் என்பது தெரியவராது. விழிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகவே கொண்டு, முதலிலிருந்து அமைப்பதைத்தான் சரியான டிரைவர் என்பேன்.

நினைவகத்தில் உள்ளதை வட்டிலும் எழுதிவிட்டு உறங்கும் ஹைப்ரிட் ஸ்லீப், 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே இருந்தது. அந்த ஸ்டூடியோக் கணினியில் அது நிறுத்தப்பட்டிருந்தது. உங்கள் மேசைக் கணினியிலும் ஒருமுறை பாருங்கள். அது இல்லையென்றால், வெட்டு நேரத்துக்கு முன் ஸ்லீப் வேண்டாம், எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் கொடுங்கள். அதற்கும் முன், வேலையைச் சேமித்துவிடுங்கள்.