நெருப்புக்கு முன் தராசு

செராமிக் முன்னோடித் தூளை, அதாவது உலையில் இறுகி வடிவம் கொள்வதற்கு முந்தைய நுண்துகளை, ஆக்சைடுகளை அரைத்துக் கலக்காமல் கரைசலிலிருந்தே ஆக்கும் மரபின் கிளைகளைச் சங்கத்து உறுப்பினர்கள் நன்கறிவர். ஆதலால் வீழ்படிவு முறையையும் எபல்மென் 1846இல் தொடங்கிவைத்த சால்-ஜெல் முறையையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1967இல் காப்புரிமை பெற்ற பெச்சினியின் முறை மட்டும் ஒரு சொல்லுக்கு உரியது. சிட்ரிக் அமிலம் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ள, எத்திலீன் கிளைக்கால் அவற்றைப் பிணைத்துப் பிசினாக்கும் அம்முறையின் பெயர், கிளைக்கால் ஒரு துளியும் சேராத சிட்ரேட் குழம்புக்கும் இன்று சூட்டப்படுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல் வளர்த்த எரிதல் முறையே இம்மலரை அணிசெய்யும் மூத்தோர் பலரின் தாய்வீடு. ஹைட்ரசீன் சேர்மங்களில் பழகிய அக்குழு 1988இல் வெளியிட்ட முறையில், 20 கிராம் படிகநீருள்ள அலுமினியம் நைட்ரேட்டும் 8 கிராம் யூரியாவும் சிறிது நீரில் கரைந்து, 500 டிகிரி செல்சியஸ் மஃபிள் உலைக்குள் பைரெக்ஸ் கிண்ணத்தில் கொதித்து, நுரைத்து, திடீரெனச் சுடர்விட்டு எரிந்து, ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் கிண்ணம் நிறைந்த வெண்ணுரையாகிறது. பிற வழிகளில் 1,100 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் கிட்டும் ஆல்பா அலுமினா அந்த நுரையிலேயே இருக்கிறது. அந்த 8 கிராம் குத்துமதிப்பன்று. நைட்ரஜனைச் சுழியமாகக் கொள்ளும் உந்துஎரிபொருள் கணக்கில் நைட்ரேட்டின் இணைதிறன் -15, யூரியாவினது +6 என வருவதால், ஒரு மோல் நைட்ரேட்டுக்கு இரண்டரை மோல் யூரியா என்பதே அதன் பொருள்.

இக்கணக்கு பொய்க்கும் இடம் தராசு. யாரையும் சுட்டுவது நோக்கமன்று. திறமையானவர்கள் இன்றும் உள்ளனர். எனினும் புட்டியின் சீட்டில் அச்சிட்ட நீர்மூலக்கூறு எண்ணை வேதவாக்காகக் கொண்டு நைட்ரேட்டை நிறுக்கும் வழக்கம் பரவிவிட்டது. நைட்ரேட்டாகக் கரைக்க எடுக்கும் ஆக்சைடுக்கும் இதே கதிதான்: லாந்தனம் ஆக்சைடு திறந்த புட்டியில் ஈரம் குடித்து முற்றும் ஹைட்ராக்சைடாகிவிட்டால் 100 கிராம் ஏறக்குறைய 116 கிராமாகும். அதை 900 டிகிரிக்கு மேல் சுட்டு, உலர்கலத்தில் ஆறவிட்டு, உடனே நிறுப்பது முன்பு முதலாண்டு மாணவனின் வேலை. இன்று அதைச் செய்யாமல் லாந்தனம் குறைந்த தூளை ஆக்கி, எக்ஸ்-கதிர் வரைபடத்தில் தலைகாட்டும் அயற்கட்டத்துக்கு எரிபொருளையும் உலையையும், சில வேளை முறையை வகுத்த ஆசிரியரையுமே பழிக்கின்றனர். தூள்கள் பல தோற்பதற்கு இந்தச் சோம்பலும் ஒரு வேர் என்று மூத்தோர் சிலர் கூறுவதை மிகை என்று தள்ள மனம் வரவில்லை. நைட்ரேட் கரைசலில் அளந்தெடுத்த 10 மில்லிலிட்டரைப் பீங்கான் மூசையில் ஆவியாக்கி, எடை மாறாத வரை சுட்டு, எஞ்சிய ஆக்சைடை நிறுத்து, கரைசலின் உண்மைச் செறிவைப் புட்டியின் மேல் பென்சிலால் எழுதிவைக்க அரைநாள் போதும்.