18 மாதம் முடிந்த பிறகு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சைனாடவுனில் ஒரு பேக்கரி. மாவு பிசையும் மேசையில் தோளோடு தோள் உரச நிற்கும் இருவர், சில ஆண்டுகளுக்கு முன் தெருவில் எதிர்ப்பட்டிருந்தால் துப்பாக்கியைத் தூக்கியிருப்பார்கள். பகைக் கும்பல்களைச் சேர்ந்தவர்களை ஒரே மேசையில் நிறுத்துவது இங்கே தற்செயல் அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என்ற இந்தத் தொண்டு நிறுவனம், தெருக்கும்பல்களிலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வருபவர்களுக்குச் சம்பளத்தோடு தொழில் கற்றுக்கொடுக்கிறது.

நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைகள் வாழும் டொலோரெஸ் மிஷன் பங்குக்கு 1986-ல் பொறுப்பேற்றவர் இயேசு சபைத் துறவி கிரெகரி பாயில். கும்பல் மோதல்களில் இளைஞர்கள் சாவதைக் கண்டு சலித்துப்போன அவர், 1988-ல் கும்பல் பையன்களுக்கு வேலை தேடித்தரக் கிளம்பினார். முதலாளிகள் கதவைத் திறக்கவில்லை. 1992-ல் பாயிலும் அவரோடு இருந்தவர்களும் தாங்களே பேக்கரியைத் தொடங்கிவிட்டார்கள். பின்னாளில் உணவகம், கேட்டரிங், பனியன் அச்சிடும் பட்டறை, பழைய எலக்ட்ரானிக் பொருட்களை மறுசுழற்சி செய்யும் பிரிவு என்று கிளைகள் பெருகின.

இதன் பெரிய பலம் அவகாசம். பயிற்சிக் காலம் சுமார் 18 மாதம். ஆறு வாரத்தில் தையலோ கணினியோ கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தந்து அனுப்பும் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. வேலை நேரத்திலேயே மனநல ஆலோசனை, சட்ட உதவி, பள்ளிப் படிப்பை முடிக்க வகுப்பு எல்லாம் உண்டு. வழுக்கி விழுந்தவர் திரும்பி வந்தாலும் கதவு சாத்தப்படுவதில்லை.

பச்சை குத்தியதை அழிக்கும் அறையையும் சொல்ல வேண்டும். நெற்றியிலும் கன்னத்திலும் கும்பலின் பெயரைச் சுமப்பவரை எந்த ஓட்டலும் கல்லாவில் உட்கார வைக்காது. லேசர் ஒளி தோலுக்கடியில் இருக்கும் மையைத் துகளாக உடைக்க, உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறது. ஒரே தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை வர வேண்டும்; ஒவ்வொரு முறையும் கொதிக்கும் எண்ணெய் தெறித்ததுபோல் எரியும். தன்னார்வ மருத்துவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

ஆனால், முகத்திலிருந்து கும்பல் அடையாளத்தை அழிக்கும் இதே நிறுவனம்தான் அந்தக் கடந்தகாலத்தைப் பொருளாகவும் விற்கிறது. வாடிக்கையாளர் வாங்குவது ரொட்டியை மட்டுமல்ல, அதைச் சுட்டவரின் கதையையும்தான். நன்கொடை விருந்துகளில் அந்தக் கதையை அவரே மேடையேறிச் சொல்கிறார். மறக்க நினைப்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு மருந்தாகலாம். எல்லோருக்கும் அப்படி ஆகுமா?

அந்தக் கதைக்கு எல்லாச் சந்தையிலும் விலை கிடைப்பதுமில்லை. ஹோம்பாய் ஒரு காலத்தில் பிளம்பிங் பிரிவும் நடத்திப் பார்த்தது, ஓடவில்லை. முன்னாள் ரவுடியின் கையால் சுட்ட ரொட்டியை ரசித்து வாங்கியவர்கள், அவரை வீட்டுக் குளியலறைக்குள் விடத் தயங்கினார்கள்.

இந்தத் தயக்கத்தை அளந்தே காட்டினார் சமூகவியலாளர் தேவா பேஜர். மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க வைத்து 2003-ல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, குற்றப் பதிவில்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கு மறு அழைப்பு வந்தது. பதிவு உள்ளவர்களுக்கு அது 17 சதவீதம். கறுப்பினத்தவருக்கு முறையே 14, 5. திறமை குறைந்ததால் வந்த வித்தியாசம் அல்ல இது. இதைப் பட்டறைக்குள் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது.

பயிற்சியின் பலன் நீடிக்கிறதா? நியூயார்க்கில் சிறை மீண்டவர்களுக்குத் தற்காலிக வேலை தரும் ஓர் அமைப்பை எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் குழு பிரித்து மூன்றாண்டு கவனித்தது. தற்காலிக வேலை முடிந்ததும் வேலைவாய்ப்பில் இருந்த முன்னிலை கரைந்துபோனது. ஆனால் மறுபடி சிறைக்குப் போவது குறைந்தது, முக்கியமாக விடுதலையான கையோடு வந்து சேர்ந்தவர்களிடம். சிகாகோ, டெட்ராய்ட் உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடந்த இன்னோர் ஆய்விலோ அந்தக் குறைவும் தெரியவில்லை. அப்படியானால் நியூயார்க்கில் தொழிலறிவைவிட, வெளியே வந்த முதல் சில மாதங்களில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பதே பயன் தந்திருக்கலாம்.

ஹோம்பாயின் வெற்றிக் கதைகளை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இங்கே யாரையும் தேடிப்போய் அழைப்பதில்லை. அவரவரே படியேறி வர வேண்டும். திருந்தத் தீர்மானித்துவிட்டவரை அது ஈர்க்கிறது என்பது நடைமுறையில் நல்லதுதான். ஆனால் பட்டறை இல்லாமலே அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது.

பணமும் பலவீனம்தான். விற்பனை வருமானம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது, மிச்சம் பெரும்பாலும் நன்கொடை. பொருளாதார நெருக்கடியில் அது வற்றியபோது, 2010 மே மாதம் சுமார் 300 பேரை வேலையிலிருந்து அனுப்ப நேர்ந்தது. நிலையான வேலைதான் மருந்து என்று சொன்ன இடத்திலேயே வேலை நிலையற்றுப் போனது. 2024-ல் பாயிலுக்கு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. ஒரு மனிதரின் ஈர்ப்பால் நிதி திரளும் நிறுவனம் அவருக்குப் பிறகு என்னாகும் என்பதற்குப் பதக்கம் பதிலாகாது.

இவற்றால் இந்த மாதிரி தோற்றுவிட்டது என்று ஆகாது. வேலை வாங்கித்தரும் இயந்திரமாக மட்டும் அதை விளம்பரப்படுத்துவதே பிழை. இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: பயிற்சி முடித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடுவது, பயிற்சி தொடங்கும்போதே, முடித்தவரை எடுத்துக்கொள்ளும் முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்வது. நிபந்தனையோடாவது வேலை தர முன்வரும் வரை குற்றப் பதிவைக் கேட்கக்கூடாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2018 முதல் அமலில் இருக்கிறது. அதைச் சொல்லி முதலாளிகளிடம் பேச இப்போது வழி உண்டு.